அச்சில் வைத்த மல்லாட்டைப் பூ

மாதா துணை

பம்பாய்
4.10.83

அன்புள்ள அற்புதமேரிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா?

நம் கொல்லையிலிருந்து ஒரு மல்லாட்டைப் பூவைக் காயவைத்துக் கடிதத்தில் அனுப்பினாயே, அதை எங்கள் வெள்ளிப் பட்டறை மேஸ்திரி பார்த்துவிட்டார். வானூர்க்காரர்; வேர்க்கடலையை நம்மைப் போலவே மல்லாட்டை என்பவர். “இன்னாப்பா, இவ்ளோ அழகா கீது! இதையே டாலரா ஊத்திடு” என்றார். பூவை அச்சுக்குள் வைத்து எரித்துவிட்டு, அது இருந்த இடத்தில் வெள்ளியை ஊற்றினேன். இதழின் நரம்புகூட விழுந்திருந்தது. எல்லோரும் மெச்சினார்கள். சாயங்காலமே விற்றுப்போனது.

மேலே கோடு போட்டு அடித்திருப்பது, ‘இன்னொரு பூ அனுப்பு’ என்று எழுதிய வரி. அந்தப் பூவை நீ பறித்த கையோடு கொல்லையை விற்றுவிட்டோம் என்பது எழுதிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

லீவு முடிந்து தொம்மை இங்கே திரும்பி வரும்போது கேப்பை மாவு கொடுத்தனுப்பு. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான். இனிக் கடிதத்துக்குள் எதையும் வைக்காதே; இங்கே எதுவும் என் கையில் தங்குவதில்லை.

உன்
லூர்துநாதன்