நோயாளியாகப் படுத்தவள்

ஜூலை 6

என் அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் எதையும் கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். உனக்குக் கோபம் வந்தாலும் சரி. போனில் கேட்கலாம் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். கடிதம் என்றால் பிரிக்கமாட்டாள்.

நீ லீவு முடிந்து மருத்துவக் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வீட்டில் ஒரே ஆராய்ச்சி. இங்கே இருந்த நாட்களில் பாதி நேரம் நீ பாத்ரூமில் இருந்தாய். போனையும் எடுத்துக்கொண்டு போனாய். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, உனக்கு ஒரு பையன் இருக்கிறான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். மருமகனும் டாக்டராக இருந்தால் வீட்டுக்கு நல்லதுதானே என்று அப்பா சொன்னார். அன்று அவருக்கு இரண்டாவது காபி கிடைக்கவில்லை.

ஆனால் நான் பாத்ரூமுக்கு அடுத்த அறையில் படுப்பவள். பேச்சுச் சத்தமே கேட்கவில்லை. குழாயை முழுதாகத் திறந்துவிட்டிருந்தாய். துணி எடுக்கப் போன அன்று நீ ஒன்றும் சாப்பிடாமல் வந்தாய். பாதி வழியில் தலைவலி என்று பஸ்ஸைவிட்டு இறங்கினாய். தலைவலிக்கு யாரும் வயிற்றைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள், அக்கா.

உண்மையைச் சொல்.

பதிலுக்குக் காத்திருக்கும்
பூச்சி


ஜூலை 14

என் செல்லப் பூச்சிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உன்னோடு ஒரே வீட்டில் இருப்பது ஆபத்து.

பையன் யாரும் இல்லை. வயிறுதான். முதலாண்டுத் தேர்வின்போது ஆரம்பித்தது. வார்டுக்குப் போக வேண்டிய காலை என்றால் முறுக்கிக்கொண்டு வலிக்கும். ஓடுவேன். போய்விட்டு வந்தால் கொஞ்சம் தணியும், மறுபடி ஓடுவேன். சில நாள் பேதி, சில நாள் ஒன்றுமே வராது. வீட்டுக்கு வந்தால் சரியாகும் என்று நினைத்தேன். ரிசல்ட் வர இருந்தது வயிற்றுக்கும் தெரிந்திருக்கிறது.

பாத்ரூமில் போனில் என்ன செய்தேன் என்றால், படித்தேன். குடல் நோய்களைப் பற்றி. வாரத்துக்கு ஒரு நோய் எனக்கு வரும். போன வாரம் புற்றுநோய். சிரிக்காதே. இதயம் படித்த மாதத்தில் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்கள். பாடம் முடிந்ததும் அவர்களுக்குச் சரியாகிவிட்டது. எனக்குத்தான் பாடம் முடிந்தும் நோய் போகவில்லை.

டாக்டரிடம் காட்டு என்பாய். இங்கே வயிற்று டாக்டர் எங்கள் பேராசிரியர். வார்டில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பவரும், செய்முறைத் தேர்வில் மார்க் போடுபவரும் அவரே. அவர் முன்னால் போய் நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறேன் என்று சொல்லச் சொல்கிறாயா? வார்டு இருக்கும் நாட்களில் காலையில் சாப்பிடுவதில்லை. அப்படித்தான் சமாளிக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லாதே. பையன் என்றே நினைத்துக்கொள்ளட்டும். அதையாவது அவளால் நான்கு பேரிடம் சொல்ல முடியும்.

உன்னை நம்பும்
அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்கா,

உன் ரகசியத்தை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் இருப்பது கஷ்டம். இல்லாத பையனுக்கு அம்மா இப்போது உருவமே கொடுத்துவிட்டாள். "உயரமாடி?" என்று நேற்று மெதுவாகக் கேட்டாள். தெரியாதும்மா என்றேன். அது பொய் இல்லை. ஆனாலும் பொய் சொன்னது போலத்தான் இருந்தது.

பள்ளி நூலகத்தில் உடலைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. குடலுக்கென்றே நரம்புகள் வலைபோல் இருக்கின்றனவாம், மூளையும் குடலும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கின்றனவாம். நீ மூன்று வருடமாக டாக்டருக்குப் படிக்கிறாய், உனக்குத் தெரியாததா? பிறகு ஏன் ஏதோ திருட்டுத்தனம் செய்தவள்போல் எழுதுகிறாய்? அறிவியல் டீச்சரிடம், பயத்தில் வயிறு வலித்தால் அது நிஜமான வலியா என்று கேட்டேன். "நாளைக்கு டெஸ்ட்டுனு இப்பவே ஆரம்பிச்சிட்டியா?" என்றார்.

நீ சாப்பிட வேண்டும். அந்தப் பேராசிரியரிடம் போக வேண்டும். இன்னும் மோசமானால் நான் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். இது மிரட்டல் இல்லை, முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

உன்னை எப்போதும் நினைக்கும்
பூச்சி


ஆகஸ்ட் 3

பூச்சி,

உனக்குத்தான் இதை எழுத முடியும்.

நோயாளி கிடைக்காத நாட்களில் எங்களுக்குள் ஒருவர் கட்டிலில் படுத்து, ஒரு நோயை மனதில் வைத்துக்கொண்டு நடிக்க வேண்டும். இன்னொருவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, கேள்வி கேட்டு, அது என்ன நோய் என்று கண்டுபிடிக்க வேண்டும். வியாழக்கிழமை என் முறை. குடல்வால் வீக்கம் என்று ஒரு கதை தயார் செய்திருந்தேன். பரிசோதிக்க வந்தவள், எங்கள் வகுப்பில் ‘கண்ணாடி’ என்று நாங்கள் கூப்பிடும் சோடாபுட்டிக்காரி. இடது பக்கம் அடிவயிற்றில் கையை வைத்தாள். அங்கேதான் எனக்கு நிஜமாக வலிக்கும்.

"எவ்வளவு நாளா வலி?" என்றாள்.

"ரெண்டு வருஷமா."

"எப்ப அதிகமாகும்?"

"வார்டுக்கு வர்ற அன்னிக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் நிறுத்த முடியவில்லை. ஓடுவது, பட்டினி கிடப்பது, கதவைச் சாத்திக்கொண்டு அழுவது எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியர் கட்டில் பக்கத்தில் வந்து நின்று கேட்டார். நோயாளி என்றால் இப்படித்தான் பேச வேண்டும், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கைதட்டினார்கள், பூச்சி. நான் எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு சிரித்தேன்.

கண்ணாடி கைதட்டவில்லை. வராந்தாவில் என் பின்னாலேயே வந்து, "நீ நடிக்கல, இல்ல?" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "கிளாஸ்ல கதவு பக்கத்து சீட்டுக்கு நீயும் நானும்தானே தினமும் அடிச்சுக்கறோம்" என்றாள். அவளுக்கும் அதேதான். கதவோரத்துக்கு ஓடி வருகிறவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஏன் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதே இல்லை.

ஆனால் இனி அவரிடம் எப்படிப் போவேன்? உண்மையைச் சொல்லிப் பாராட்டு வாங்கிவிட்டேன். இப்போது போய் நின்றால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? என்னால் முடியவில்லை. செய்முறைத் தேர்வுக்கு வரவில்லை, படிப்பிலிருந்து விலகுகிறேன் என்று பத்தாம் தேதி எழுதிக் கொடுக்கப் போகிறேன். படிப்பு பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன். நீ வாயைத் திறக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 7, வெளிநோயாளிகள் கூடம், சுவரோர பெஞ்சு

அன்புள்ள அக்கா,

நீ உள்ளே இருக்கிறாய். காலையிலிருந்து என்னோடு பேசாததால் இதை எழுதி உன் கையில் கொடுக்கப் போகிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. உடனே அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தாள். "பையன் இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். "அவன் வந்தா என்ன பேசறதுனு எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன்டி. இதுக்கு ஒண்ணும் யோசிக்கலையே" என்று அழுதாள். அப்புறம் பையை எடுத்து வைத்தாள்.

ஹாஸ்டல் வாசலில் நீ என்னைப் பார்த்து, "உன்னைப் போய் நம்பினேன் பாரு" என்றாய். நான் அதை வாங்கிக்கொண்டேன். வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று இப்போதும் யோசிக்கிறேன், தெரியவில்லை.

அம்மா உன்னைத் திட்டவில்லை, கவனித்தாயா? "படிக்கறதா வேண்டாமாங்கறத வயிறு சரியானப்புறம் முடிவு பண்ணு. இன்னிக்கு டாக்டரைப் பாரு. நான் உள்ள வரல" என்றாள். அவ்வளவுதான்.

பேராசிரியர் கதவைத் திறந்து அடுத்தவரைக் கூப்பிட வந்தபோது உன்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, இன்னிக்கும் நடிப்பா?" என்றார்.

"இல்ல சார். அன்னிக்கும் இல்ல" என்றாய்.

உன் குரல் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பாராட்டிய அன்று தான் எதைப் பாராட்டினோம் என்று யோசித்திருப்பார் போல. கதவை அகலத் திறந்து, உனக்கு வழிவிட்டு, உள்ளே வரச் சொன்னார். போகும்போது உன் பையை அம்மாவிடம் கொடுக்காமல் என் மடியில் போட்டாய். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பெரிய கண்ணாடி போட்ட ஒரு அக்கா வந்தார். பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. நீ உள்ளே போய்விட்டாயா என்று கேட்டார். ஆமாம் என்றதும், அவரும் டோக்கன் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

நீ போய் வெகுநேரமாகிறது. கதவு வழியாக உன் குரல் மட்டும் கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்று புரியவில்லை. பேராசிரியர் நடுவில் குறுக்கிடவே இல்லை. வெளியே வந்து நீ இன்னும் என்னோடு பேச வேண்டாம் என்று நினைத்தால், இதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடு. நான் வைத்துக்கொள்கிறேன்.

உன் பூச்சி

பி.கு.: நேரமாகிவிட்டது என்று கூடத்தின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். நீ இருக்கும் அறையில் மட்டும் விளக்கு எரிகிறது, நாங்கள் மூன்று பேரும் பெஞ்சிலேயே இருக்கிறோம்.