படத்தில் வெட்டப்பட்ட கை

இன்று காலை நீ என் கைப்பேசிக்கு வந்தாய். 'பலமுறை பகிரப்பட்டது' என்ற குறிப்போடு வந்தாய். உயிரோடிருந்த காலத்தில் உன்னை யாரும் இவ்வளவு பகிர்ந்துகொண்டதில்லை.

நம் குடியிருப்பு வாட்சப் குழுவில்தான் அந்தப் படம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நூர்தீன் பாய் உணவகத்துக்கு முன்னால், நடைபாதையில் நீ விழுந்து கிடக்கிறாய். பக்கத்தில் பாய், கையை நீட்டி முகத்தைச் சுளித்தபடி நிற்கிறார். கீழே எழுதியிருந்தது: 'துடித்த தமிழனை விரட்டிய கடைக்காரன். அவர்கள் ஓட்டுக்காக இதை மறைக்கும் தலைவர்களுக்குத் தேர்தலில் பதில் சொல்வோம். மானமுள்ளவன் பகிர்வான்.'

பாயும் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார். அதை அங்கே யாருக்கும் நினைவில்லை.

படித்ததும் எனக்குப் பாய்மேல் கோபம் வந்தது. ஒரு நொடிதான். ஆனால் வந்தது. நீ விழுந்த அன்று உன் பக்கத்தில் இருந்தவன் நான். உன்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோகப் பாயின் மகன் காரைப் பின்பக்கமாக எடுத்துவந்தான். குறுக்கே வந்த லோரியை நிறுத்தத்தான் பாய் கையை நீட்டினார். மருத்துவமனை வாசலில் நீ போய்விட்டாய் என்று சொன்னபோது என்னைப் பிடித்து உட்கார வைத்ததும் அவர்தான். இவ்வளவும் கண்ணால் பார்த்த எனக்கே அந்த ஒரு நொடி வந்ததென்றால், பார்க்காதவர்களுக்கு என்ன வரும்? அப்போது தொடங்கிய பயம் இன்னும் போகவில்லை.

கிள்ளானுக்குக் குடிபோன பிறகும் சனிக்கிழமைதோறும் நீ கொமியூட்டர் ரயில் ஏறி வருவாய். அந்த வாரம் வந்த அரசியல் பதிவுகளைப் பாய் கடை மேசையில் வைத்து விசாரிப்போம். வெள்ளத்தில் அரிசி மூட்டை சுமந்த தலைவர் ஒருவரின் படம் நினைவிருக்கிறதா?

"தண்ணி முட்டி வரைக்கும் இருக்கு. சட்டையில அயர்ன் பண்ண மடிப்பு அப்படியே இருக்கு லா," என்றாய்.

"பொய்ங்கிறியா?"

"பொய்னு சொல்லல மச்சான். அவர் நெசமாவே தூக்கியிருக்கலாம். நான் எப்ப அழணும்னு இன்னொருத்தன் முடிவு பண்ணியிருக்கான், அதச் சொல்றேன்."

பாய் நுரை ததும்பும் தே தாரிக் டீயை வைத்துவிட்டு, "கோர்ட்டு கலையிறதுக்குள்ள ஜட்ஜுங்களுக்கு ரொட்டி வேணுமா?" என்பார்.

உன்னிடம் ஒரே கேள்விதான் இருந்தது. "இதப் படிச்சதும் யார அடிக்கத் தோணுது? ஒடனே ஒரு மூஞ்சி வந்துச்சுன்னா, அந்த மூஞ்சிய நமக்கு யாரோ எடுத்துக் குடுத்திருக்கான்." நமக்குப் பிடித்த கட்சியின் பதிவுக்கும் அதே கேள்வியைக் கேட்டு என் சனிக்கிழமைகள் பலவற்றைக் கெடுத்திருக்கிறாய்.

இன்று அந்தக் கேள்வியோடு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போலி எதுவும் இல்லை. நீ நீதான், பாய் பாய்தான். இடது ஓரத்தில் கார் இல்லை. உன் தலைக்கடியில் ஒரு கை இருக்கிறது, மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. என் கை. நீ தனியாகச் செத்தால்தான் அவர்களுக்கு உதவும் என்பதால் என்னை வெட்டிவிட்டார்கள்.

மதியம் கடைக்குப் போனேன். இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. பாய் உள்ளே விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குக் கடைக்கு வந்து கேப்போம்னு எழுதியிருக்காங்களாமே அண்ணே. மவன ஜொகூருக்கு அனுப்பிட்டேன்."

"நான் குழுவுல உண்மைய எழுதுறேன் பாய்."

"எழுதுங்க. ஆனா கோவமா எழுதாதீங்க லா. அப்புறம் அதுக்கும் சேத்து என்கிட்டதான் வருவாங்க."

வீட்டுக்கு வந்து எழுதினேன். முதலில் எழுதியது நன்றாகவே வந்திருந்தது: பிணத்தை வைத்து ஓட்டுப் பொறுக்கும் கும்பல் என்று தொடங்கி, நல்ல காரத்தோடு. அனுப்பும் முன் உன் கேள்வியை அதனிடமும் கேட்டேன். உடனே ஒரு முகம் வந்தது. முழுவதையும் அழித்துவிட்டு, கார் எங்கே நின்றது, லோரி எந்தப் பக்கம் வந்தது, அந்தக் கை யாருடையது என்று மட்டும் எழுதி அனுப்பினேன். யாரையும் அழவைக்காத எழுத்து. பதில் ஒன்றே ஒன்று வந்தது, நீ தூக்கி வளர்த்த எதிர்வீட்டுப் பையனிடமிருந்து: "அங்கிள், நீங்க எந்தக் கட்சி?"

அதற்குப் பிறகு உன் படம் இன்னும் இரண்டு குழுக்களிலிருந்து எனக்கு வந்துவிட்டது.

நாளை சனிக்கிழமை. பாய் கடையைத் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார். மூடினால் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்பார்களாம். வாசலை ஒட்டிய நம் மேசையில் போய் உட்காரப் போகிறேன். எத்தனை பேர் வருவார்கள், என்ன கொண்டுவருவார்கள் என்று தெரியவில்லை. வருகிறவர்களிடம் கார் நின்ற இடத்தைக் காட்டுவேன். பார்ப்பார்களா என்றும் தெரியவில்லை.

இதை எழுதுவது படத்தில் மணிக்கட்டோடு நின்ற அதே கைதான். அன்று கார் வந்து நிற்கும்வரை அது உன் தலையைக் கீழே விடவில்லை.