ஓணான் கால் அளந்தவள்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

வாரப் படகில் உன் கடிதமும் நீ தைத்து அனுப்பிய இரண்டு சட்டைகளும் வந்தன. ஒரு சட்டைக்கு எட்டுப் பையா! நோட்டு, பென்சில், ஓணான் பிடிக்கும் சுருக்குக் கயிறு எல்லாம் தனித்தனியாகக் குடியேறிவிட்டன.

விருது விழாவுக்கு என்ன நிறம் உடுத்துவாய் என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தீவின் ஓணான்களுக்குப் பதினைந்தே வருஷத்தில் கால் நீண்டுவிட்டது, அது பரம்பரையில் இறங்கிய மாற்றம் என்று கட்டுரை எழுதித்தானே நான் பேர் வாங்கினேன், இந்த விருதும் அதற்குத்தானே? போன வருஷம் முட்டைகளை எடுத்துவந்து கூண்டில் பொரிக்க வைத்தேன். மெல்லிய குச்சியில் வளர்ந்த குஞ்சுக்குக் கால் குட்டை. அகலப் பலகையில் வளர்ந்ததற்கு நீளம். ஒரே தாயின் குஞ்சுகள், அக்கா! வளர்ந்த இடம்தான் காலை நீட்டியிருக்கிறது, பரம்பரை இல்லை. மூன்று தடவை அளந்துவிட்டேன். நான் சொன்னது தப்பு.

உன்
வாலு

மார்ச் 13

அடி வாலு,

என்னடி இப்படி எழுதியிருக்கிறாய்? கடைக்கு வருகிறவர்கள் உன் கதையைக் கேட்ட பிறகுதான் அளவே கொடுக்க முடியும் என்று வைத்திருக்கிறேன். அப்பா போனதும் நான் படிப்பை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தது, நீ ஓணான் பின்னால் ஓடத்தான். சொல்லிக்காட்டவில்லை. சரி, சொல்லிக்காட்டியதாகவே வைத்துக்கொள்.

அந்தத் தீவுக்கு வேறு யார் வந்து கால் அளக்கப்போகிறார்கள்? முதலில் விருதை வாங்கு. மற்றதை மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அக்கா

மார்ச் 20

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வரவில்லை. நீ சொன்னபடி செய்துவிடுவேனோ என்று பயம்தான் வந்தது. என் கட்டுரையை நம்பி நாலு பேர் ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய வருஷங்களை நான் எப்படித் திருப்பித் தருவேன்?

இன்றைய படகில் மூன்று கடிதங்கள் போகின்றன. பத்திரிகைக்கு ஒன்று, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று. விருதுக் குழுவுக்கு ஒன்று. உனக்கு இது.

நீ விட்ட படிப்புக்குப் பதிலாக ஒரு பதக்கமாவது கொண்டுவந்து தர நினைத்தேன். முடியவில்லை. மன்னித்துவிடு.

வாலு

மே 8

என் தங்கமே,

ஏழு வாரமாக உனக்குப் பதில் போடவில்லை. முதலில் கோபம், அப்புறம் வெட்கம்.

நேற்று, கல்லூரியில் பாடம் நடத்தும் வாடிக்கைக்கார அம்மா ஒருவர், உன் கடிதம் அச்சாகியிருந்த அந்தப் பத்திரிகையோடு வந்தார். "உங்க தங்கச்சிதானே?" என்றார். நான் தலை நிமிரவில்லை. "ஆமா, தப்பா எழுதிட்டா. அதுக்கு இப்ப என்ன?"

"தப்புன்னு கண்டுபிடிச்சதும் அவங்களேதானே? இதைத்தான் என் வகுப்பில முதல் பாடமா நடத்தப்போறேன்."

மெஷினை நிறுத்திவிட்டு, வரி வரியாகப் படித்து அர்த்தம் சொல்லச் சொன்னேன். 'இந்தப் பிழை முழுக்க என்னுடையது' என்று வந்த இடத்தில், "இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமா படிங்க" என்றேன். கடையில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. யாரும் கேட்காமலே, "எழுதினது என் தங்கச்சி" என்றேன்.

விருதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். நன்றாக இருக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமைப் படகில் வருகிறேன். ஓணானைக் கண்டால் எனக்குக் குலை நடுங்கும், தெரியும்தானே? நீ இறுக்கிப் பிடித்துக்கொள், நான் அளக்கிறேன். அளவெடுக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

உன் அக்கா