நம் கேசட்டின் கீழ்ப்பாட்டு

கேசட்டின் மூடியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் அடித்தது. உன் வீட்டு இரும்புப் பெட்டியில், ஞானஸ்நானச் சீட்டுகளோடும் கல்யாணச் சேலையோடும் இத்தனை வருடம் கிடந்திருக்கிறது. அட்டையில் நீ கித்தாரோடு நிற்கிறாய். பக்கத்தில் நான், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். உள்ளே நாடா பூஞ்சை பிடித்து ஒட்டிப்போய்விட்டது.

உன்னை அடக்கம் செய்த மறுவாரம் உன் மனைவி இதைக் கொண்டுவந்து தந்தாள். "இது இனி பாடாது அண்ணா. நாப்பத்தொண்ணாம் நாளு செபம் முடிஞ்சு அண்ணன் ஒண்ணு பாடணும். அந்த மரச்சீனித் தோட்டத்துப் பாட்டு" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளைப் பார்க்க நீ மரவள்ளிக்கிழங்குத் தோட்டத்தைச் சுற்றி நடந்த வழியைப் பற்றிய பாட்டு அது. சரி என்றேன். அன்றைக்கு எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். நீ போனதிலிருந்து எனக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. வெகுநேரம் உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறேன்.

நேற்று நாற்பத்தொன்றாம் நாள். நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். பாதிக் குற்றம் உன்னுடையது.

பாறசாலை டுட்டோரியலில் நீ கணக்கும் நான் வரலாறும் எடுத்த காலம். நீ கடற்கரைக்காரன், தேவாலயப் பாடற்குழுவில் இரண்டு குரலாகப் பாடி வளர்ந்தவன். நான் குன்னத்துகாலில் பஜனை பாடியவன். அங்கே எல்லாரும் ஒரே மெட்டைத்தான் பாடுவோம். உன் மெட்டுக்கு நான் வார்த்தை எழுதினேன். மெட்டைப் பாடும் மேல்பாட்டு உனக்கு, அதற்கு அடியில் துணையாக ஓடும் கீழ்ப்பாட்டு எனக்கு என்று பிரித்தாய். பாட உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே நான் உன் மெட்டுக்குத் தாவிவிடுவேன், மந்தையைக் கண்ட ஆடு மாதிரி. நீ கித்தாரை மடியில் கவிழ்த்து வைப்பாய்.

"எலே, நீயும் மேல கேறினா கீழ ஆரு நிப்பா?"

கடைசியில் எனக்கு ஒரு பத்தியம் விதித்தாய். மேல்பாட்டை நான் பாடக் கூடாது, முனகக்கூடக் கூடாது. "குளிமுறியிலயும் கீழதான் மக்கா. எனக்கு தெரிஞ்சுபோவும், கேட்டியா?" என்றாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற அசடு நான். என் அம்மாகூட ஒருநாள் குளியலறைக் கதவைத் தட்டி, "இது என்ன பாட்டுலே, பாட்டுக்க வாலு மட்டும் கேக்குது" என்றாள்.

நெய்யாற்றின்கரையில் ஒரு வீட்டின் பின்னறைதான் ஸ்டுடியோ. சுவரெல்லாம் பழைய மெத்தை. சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மைக். பதிவு செய்தவர் என்னைப் பார்த்து, "அங்கோட்டு கொறச்சு மாறி நில்லு. பாடுறவரு முன்னால வரட்டு" என்றார். நான் நகர்ந்துவிட்டேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து உன் பக்கத்தில் நிறுத்தினாய். "இவன் இல்லாட்டி இது பாட்டு இல்லயாக்கும்" என்றாய். எட்டுப் பாட்டையும் தோளோடு தோள் ஒட்டி, வியர்வையில் நனைந்து பாடினோம். அன்றுபோல் நான் பிறகு சந்தோஷப்பட்டதில்லை.

விற்கக் கொடுத்தபோது, தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளைக் கடையில் இது மலையாளம் என்றார்கள். கேரளப் பக்கம் நெய்யாற்றின்கரைக் கடையில் இது தமிழ் என்றார்கள்; யாரும் வாங்கவில்லை. டுட்டோரியல் மூடியது. நீ கல்ஃபுக்குப் போனாய், திரும்பி வந்தாய். பார்த்தபோதெல்லாம் பாடினோம்; அப்போதும் நீ மேலே, நான் கீழே. பத்தியத்தை முறிக்க நீ சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று செபம் முடிந்ததும் உன் படத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொடங்கினேன். கீழ்ப்பாட்டுதான் வந்தது. தனியாகக் கேட்டால் யாரோ வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் இருக்கும் அது. நிறுத்தி, மேலே ஏறப் பார்த்தேன். தொண்டை பழகிய வழியில் கீழே இறங்கியது. இன்னொரு முறை பார்த்தேன். அப்படியேதான். வார்த்தைகளெல்லாம் நான் எழுதியவை, ஒன்றும் மறக்கவில்லை. உன் மெட்டு மட்டும் வரவில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். உன் மகள் என் பக்கம் குனிந்து, "மாமா, அப்பா பாடுறது இது இல்லியே" என்றாள். வேறு பாட்டு என்று நினைத்துவிட்டாள் பிள்ளை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கும் கண் நனையவில்லை.

உன் மனைவி கண்ணை மூடியபடி இருந்தாள். "நிறுத்தாண்டாம் அண்ணா. பாடுங்க. மேல உள்ளது எனக்கு கேக்குது" என்றாள்.

முழுவதும் பாடினேன். நடுவில் நீ மட்டும் தனியாகப் பாடும் இரண்டு வரி உண்டு; அங்கே நான் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். அவள் உதடு அசைந்தது. தலை மெதுவாக ஆடியது. அவளுக்குக் கேட்டது.

எட்டுப் பாட்டின் கீழ்ப்பாட்டும் ஒரு சொல் பிசகாமல் என்னிடம் இருக்கிறது. நீ மூச்சு எடுக்கும் இடங்கள்கூடத் தெரியும். அந்த இரண்டு வரி நேரமும் நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன், மக்கா. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.