துவாயோடு ஓடியவள்

என்னோடு நடித்தவருக்கு,

சுகமாய் இருப்பீர். கோயில் பாஸ்கு நாடகத்தில் மாதா வேசம் எனக்குப் பொருந்தாது என்று, அதைப் பழக்குகிற அண்ணாவியாராகிய நீரே கூட்டத்தில் சொன்னீராம். எண்பத்தாறில் எடுத்த அந்த விடலைப் படத்தில், கற்பிட்டிக் கடற்கரையில் குளித்த உடம்பில் துவாயை மட்டும் சுற்றிக்கொண்டு ஓடினவளாம் நான்.

ஓம், ஓடினேன். நாற்பது வருசமாய் உம்மைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அதில் பகிடிக்காரனாய் வந்த கிளைட்டன் இப்போது இத்தாலியில் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறான். படத்தின் கசெற் அவனிடம் பத்திரமாய் இருந்தது. கேட்டதும் கொப்பி அனுப்பினான்.

பாஸ்கு பழகுகிற எல்லாருடைய போனுக்கும் காலையில் அனுப்பிவிட்டேன். பின்னேரம் ஒத்திகைக்குக் கட்டாயம் போம்.

எனக்குத் துவாயாவது இருந்தது. பின்னால் ஓடிவந்த உமக்கு அதுவும் இல்லை.

இப்படிக்கு,
உம்முடைய கதாநாயகி