ஏழு மாத ஸ்பானிஷ்

1993 பெப்ரவரி 8, திங்கள்

விடியலிலிருந்து தூறல். ஐந்து மணி பஸ், ஆபீஸ் துப்புரவு வேலை, ஒன்பதரைக்கு மிஷனில் ஸ்பானிஷ் வகுப்பு. சப்பாத்துக்குள் தண்ணீர்.

இன்றைய சொற்கள்:
லுவியா – மழை
எஸ்கோபா – தும்புத்தடி, விளக்குமாறு
பெரோ – ஆனால்
பெர்ரோ – நாய்

கடைசி இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல வகுப்பில் என்னால் மட்டும் முடிந்தது. பாவம் பீட்டர், அவனுடைய நாய் எல்லாம் "ஆனால்" ஆகிவிடுகிறது. எப்படி என்று டீச்சர் கேட்டார். எங்கள் அரிச்சுவடியில் ர, ற இரண்டும் உண்டு, ஞ-வும் உண்டு என்று சொல்லி, பலகையில் "மஞானா" (நாளைக்கு) என்று தமிழில் எழுதிக் காட்டினேன். கர்வம் கூடாது. கொஞ்சம் வந்தது.

அடுத்த செவ்வாய் கமிட்டி. ஸ்பா.-இல் ஐந்து நிமிடப் பேச்சு. சரிவந்தால் செப்டம்பரில் மிஷன் ஊழியத்துக்குப் பொலிவியா. சரிவராவிட்டால் இன்னும் ஒரு வருடம் இங்கேதான். அக்காவுக்குச் சரிவராமல் போவதுதான் விருப்பம்.

"ஒரு சண்டைக்குள்ளயிருந்து உன்னை இஞ்ச கொண்டுவந்து சேர்க்க நான் பட்ட பாடு தெரியுமே? இப்ப நீயா இன்னொண்டுக்க போறாய்."
"பொலிவியாவில சண்டை இல்லை அக்கா. பக்கத்து நாட்டிலதான்."

பக்கத்து நாட்டைச் சொல்லியிருக்கக் கூடாது.

பெப். 10, புதன்

குளிர். மழை இல்லை.

மூன்றாம் மாடியில் என்னோடு துடைக்கிற மார்த்தா இன்று வாளியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். பெரு நாட்டுக்காரி (அந்தப் பக்கத்து நாடுதான்), மலைப்பக்கம், முப்பது வயதிருக்கும். ஆங்கிலம் நாலு சொல். அவளுடைய அகதி வழக்குக்கு வாக்குமூலம் எழுத வெள்ளிக்கிழமை வக்கீலிடம் போக வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்குச் சுகமில்லையாம். அடுத்த வாரத்துக்குள் அனுப்பாவிட்டால் கெடு முடிந்துவிடும். நீ வா என்கிறாள்.

ஏழு மாத ஸ்பா. மட்டும்தான், ஏலாது என்றேன்.
"நான் மெதுவாக் கதைக்கிறன்" என்றாள். இதை மட்டும் முழுதாக விளங்கிக்கொண்டேன்.

வாங்க: அகராதி (சின்னது), பால், அத்தானுக்கு இருமல் மருந்து.

பெப். 12, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

வக்கீல் ஓர் இளம் பெண். ஹீட்டர் வேலை செய்யவில்லை, மூவரும் கோட்டோடு இருந்தோம். பெயர், ஊர், பிள்ளைகள் இல்லை. எல்லாம் ஓடியது. பிறகு கணவர். மார்த்தா ஒரு சொல் சொன்னாள்: தெஸப்பரெசீதோ. எங்கள் பாடப் புத்தகத்தில் அது சாவி காணாமல் போவதற்கு. கணவர் காணாமல் போய்விட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"விட்டுட்டுப் போயிட்டாரா?" என்று வக்கீல் கேட்டு, எழுதத் தொடங்கினாள்.

மார்த்தாவுக்கு அந்த ஆங்கிலம் விளங்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு விதமாகச் சொன்னாள். "செ லோ யெவாரோன்." இன்னொரு தரம், இன்னும் மெதுவாக. அவரை. கொண்டு. போனார்கள். ஆங்கிலம் வரவில்லை. வாயில் வந்தது தமிழ்.

"பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்."

சத்தமாகவே சொல்லிவிட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் அண்ணை வேலைக்கென்று சைக்கிளில் போனபோது, அயலவர் வந்து அம்மாவிடம் சொன்ன அதே வசனம். அண்ணை திரும்பவில்லை.

"எழுதினது பிழை. அதை வெட்டுங்கோ. அவர் விட்டுட்டுப் போகேல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வக்கீல் மறுபேச்சில்லாமல் அந்த வரியை வெட்டினாள். பிறகு ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தரம் கேட்டேன். இரண்டரை மணி நேரம். வெளியே வந்து மார்த்தா சான்ட்விச் வாங்கித் தந்தாள். நடந்துகொண்டே தின்றோம். நல்ல பசி.

பெப். 13, சனி

அக்காவிடம் சொன்னேன், அந்த வசனத்தையும். அவர் தொடர்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். அண்ணையைப் பற்றி இந்த வீட்டில் கதைப்பதில்லை.

சிவன் கோயிலால் வந்த அத்தான் எனக்கும் திருநீறு நீட்டினார். பிறகு நான் ஞானஸ்நானம் எடுத்தது நினைவு வந்து, சிரித்துக்கொண்டு கையை இழுத்தார். "பேச்சு பாடமோ?"
"பாதி அத்தான்."
"அப்ப மற்றப் பாதியைப் போய்ப் படி. உன்ர அக்காவை நான் பாக்கிறன்."

பெப். 16, செவ்வாய்

கமிட்டி முடிந்தது. பாடமாக்கியதில் ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டது. பெக்காதோ – பாவம். பெஸ்காதோ – மீன். கடவுள் நம் மீன்களையெல்லாம் மன்னிக்கிறார் என்று உறுதியாக அறிவித்தேன். பொலிவியாவில் இருந்துவந்த வெள்ளைத்தாடிப் போதகர் மேசையில் தலைவைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு பாடமாக்கியது முழுக்க மறந்துபோனது.

பிறகு அவர் கேட்டார், அங்கே ஒருவர் சொல்வது விளங்காவிட்டால் என்ன செய்வாய் என்று. திரும்பக் கேட்பேன் என்றேன். பெயர் சொல்லாமல் வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன், இலக்கணம் இல்லாத ஸ்பா.-இல், அந்த வெட்டிய வரி வரைக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் குறிப்பெழுதவும் இல்லை. அது நல்லதா கெட்டதா தெரியாது.

பெப். 18, வியாழன்

வெயில்! உடுப்பு வெளியே காய்கிறது.

பத்து மணிக்கு மிஷனிலிருந்து போன். செப்டம்பர். லா பாஸுக்கு மேலே ஒரு மலைக் கிராமம். படியில் இருந்துவிட்டேன். ஜெபம் செய்ய நினைத்து, "நன்றி, நன்றி" மட்டும் வந்தது. எந்த மொழியில் என்று நினைவில்லை.

மத்தியானம் மார்த்தாவின் வக்கீலும் எடுத்தாள். உத்தியோக மொழிபெயர்ப்பாளர் சுகமாகி வந்து வாக்குமூலத்தைச் சரிபார்த்தாராம். இரண்டே திருத்தம், அதுவும் தேதிகள். அனுப்பியாயிற்று. முடிவுக்கு மாதக்கணக்காகும். காத்திருக்கலாம் என்கிறாள் மார்த்தா.

அக்காவிடம் செப்டம்பரைச் சொன்னேன். "ம்."

பெப். 21, ஞாயிறு

அக்கா தானாகவே சொல்லி, மார்த்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாள். இறைச்சிக் கறி, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். உறைப்பில் மார்த்தாவின் கண் கலங்க, அக்கா தயிர் எடுத்துக் கொடுத்தார். சாப்பிட்டு முடிய மார்த்தா கைப்பையிலிருந்து கணவரின் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். நான் மொழிபெயர்க்க வாய் திறக்க முதல் அக்கா எழும்பி உள்ளே போனார். அலுமாரி திறக்கிற சத்தம். அண்ணையின் படத்தோடு வந்து பக்கத்தில் வைத்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு இன்றுதான் அந்த முகத்தைப் பார்க்கிறேன். அக்காவின் கை மார்த்தாவின் கைமேல் இருந்தது.

பிறகு அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"இவ மலைப்பக்கம்தானே? கேள், செப்டம்பரில அங்க குளிரோ எண்டு."

கேட்டேன். சரியான குளிர் என்றாள் மார்த்தா.

"அப்ப கம்பளிக் காலுறை எத்தினை சோடி வேணுமெண்டும் கேள்."