நாலு ஓம், ஒரு ஓம்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதமும், அறையின் அளவு குறித்த துண்டுச் சீட்டும் வந்து சேர்ந்தன. "போன் எதுக்கு இருக்கு, கூப்பிட்டுப் பேசேன்" என்று மறுபடியும் குறைப்பட்டிருக்கிறாய். போனில் உன் பேச்சு பாதியை விழுங்கினாற்போல வருகிறது. எழுத்தில் ஒழுங்காகப் பேசுகிறாய். அதனால் எழுது.

நீ செய்கிற ஸ்பீக்கர் பெட்டிகளுக்கான சர்க்யூட் படம் இத்துடன் இருக்கிறது. ஒன்பது நாள், ஷிப்டு முடிந்து வந்து உட்கார்ந்து போட்ட கணக்கு. பெரிய ஸ்பீக்கருக்கு டிரம்மும் அடித்தொண்டையும் போகும். சின்ன ஸ்பீக்கருக்கு மெல்லிய ஓசைகள்: மணி, வாத்தியக் கம்பி, பல்லில் உரசி வருகிற எழுத்துகள். யாருக்கு எது என்று பங்கு பிரித்துக் கொடுப்பதுதான் இந்தச் சர்க்யூட்டின் வேலை. சின்னதுக்கு முன்னால் நாலு ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறேன்; ஓம் குறையக் குறைய அதன் குரல் ஏறும். அந்தக் கடிவாளம் இல்லாவிட்டால், பந்தியில் ஒரு வாயாடி மாதிரி அதுவே எல்லாருக்கும் மேல் பேசும்.

இன்று நூற்பாலையில் கரண்ட் போய் அத்தனை இயந்திரமும் ஒரேயடியாக நின்றது. என் பிரிவு எலக்ட்ரீஷியன்கள் ஓடினார்கள். நான் ஒரு நிமிடம் அசையாமல் நின்றேன். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி, எந்த அவசரமும் இல்லாமல், இறங்கிக்கொண்டே இருந்தது. உன் அறையில் பாட்டு இப்படித்தான் இறங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் ஃபோர்மேன் என் தோளைத் தட்டினார். ஓடினேன்.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

மார்ச் 27

என் அக்காவுக்கு,

பெட்டி ரெண்டும் முடிந்துவிட்டன. என் உயரத்துக்கு நெஞ்சு வரை வருகின்றன. பட்டறையில் மேஜை கேட்டவர்கள், கட்டில் கேட்டவர்கள் எல்லாரும் காத்திருக்கிறார்கள். "முதலாளி, கல்யாணக் கட்டிலை எப்போ முடிக்கிறது?" என்று ஆசாரி கேட்டார். "அவங்களுக்கு வாழ்நாள் பூரா இருக்கு" என்றேன்.

பெட்டியை வீட்டுக்குள் இறக்கியதும் உன் தம்பி பொண்டாட்டி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "ரெண்டு பீரோ. ஒரு சேலை வைக்க இடமில்லை" என்றாள். ஒன்றாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிறவள். வீட்டிலும் சத்தமா என்று அவளுக்குப் பயம். நானும் நீயும் எழுதிக்கொள்வதைப் பார்த்து, "அக்காவும் தம்பியும் ஓம் ஓம்னு என்ன மந்திரம் போடுறீங்க" என்கிறாள்.

இன்னும் ஒரு கம்பிகூட இணைக்கவில்லை. ஆனாலும் சாயங்காலம் வந்ததும் பெட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்துவிடுகிறேன். திரைச்சீலை ஆடும். சுவரில் வெளிச்சம் மஞ்சளாகி, அப்புறம் ரோஜா நிறமாகி, அணையும். நேற்று அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாட்டு எப்படி இருக்கு?" என்றாள்.

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க" என்றேன்.

சிரிக்கவில்லை அக்கா. இருட்டும் வரை அவளும் உட்கார்ந்து கேட்டாள்.

உன் தம்பி

*

ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

ஒரு திருத்தம். உன்னுடையது போலவே சின்ன ஸ்பீக்கரும் பெரிய ஸ்பீக்கரும் வாங்கி, இங்கே என் மேஜைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தேன். நாலு ஓமில் பாட்டு போர்வைக்கு அடியில் கிடந்து முனகுகிறது. ரெண்டு ஓம் போட்டேன், போர்வை கொஞ்சம் விலகியது. ஒரு ஓம் போட்டேன். அப்போதுதான் அவள், அந்தப் பாடகி, என் மேஜைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

கணக்கு நாலு என்கிறது, தெரியும். ரெண்டு முறை சரிபார்த்தேன். ஆனால் கணக்குக்குக் காது கிடையாது. நீ ஒரு ஓமே போடு.

நேற்றுக் கனவில் உன் அறைக்கு வந்தேன். கூரை இல்லை. பாட்டு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது, நீ ஏணியில் நின்று அதற்கு மெருகு பூசிக்கொண்டிருந்தாய்.

அக்கா

*

மே 11

என் அக்காவுக்கு,

மூன்று நாளைக்கு முன்னால் மத்தியானம் முதல் பாட்டு பாடியது. முதல் டிரம் விழுந்தபோது என் நெஞ்சுக்கூட்டை யாரோ உள்ளிருந்து தட்டினாற்போல இருந்தது. எதிர்ச்சுவர் போன இடம் தெரியவில்லை. பிறகு அந்தப் பாடகி வாயைத் திறந்தாள்.

எப்படிச் சொல்வது. ஒவ்வொரு "ச"வும் ஊசி. மணி அடித்தால் கண் தானாக மூடிக்கொள்கிறது. கம்பியை மாற்றி இணைத்துவிட்டேனோ என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். தப்பு இல்லை, நீ சொன்ன ஒரு ஓம்தான் இருந்தது. மூன்றாவது பாட்டில் உன் தம்பி பொண்டாட்டி எழுந்து போய்க் கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் உன் பழைய தாளை எடுத்து, நாலு ஓமைப் போட்டேன். அக்கா, தண்ணீர் தெளிந்தாற்போல இருந்தது. கொல்லையிலிருந்து கையில் துணியோடு வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மூன்று பாட்டு, நின்றபடியே கேட்டாள்.

முடிந்ததும் ஒன்று சொன்னாள். "போன தடவை அண்ணி வந்திருந்தப்போ கதவு மணி நாலு தடவை அடிச்சுது. அவங்க பக்கத்திலேயேதான் இருந்தாங்க."

இதை எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். பத்தொன்பது வருடமாக அந்த இயந்திரக் கூடத்தில் நிற்கிறாய். ஒரு காது டாக்டரைப் பார்த்தால் என்ன? நான் கூட வருகிறேன்.

உன் தம்பி

*

மே 20

தம்பிக்கு,

மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்தது என்று சொல்கிறவள் நான். ஆலையில் யாரை வேண்டுமானாலும் கேள். உன் பெட்டியில் குறை இருக்கும், மரத்தைப் பார். இனிமேல் சர்க்யூட்டுக்கு வேறு ஆளைப் பார்.

அக்கா

*

ஜூலை 28

என் அக்காவுக்கு,

இது நாலாவது கடிதம். முதல் மூன்றும் வந்து சேர்ந்தன என்று தபால்காரர்மேல் ஆணையாக நம்புகிறேன்.

டாக்டரைப் பற்றி இதில் ஒரு வரியும் இல்லை. பயப்படாமல் படி.

நீ இல்லாமல் இந்த அறை முடியாது. கம்பளம் விரித்தாகிவிட்டது. புத்தக அலமாரியைப் பின்சுவரில் மாட்டிவிட்டேன். எதிரொலி அடங்கிவிட்டது. பள்ளி விட்டு வந்ததும் அவள் கம்பளத்தில் படுத்துத் தூங்கிப்போகிறாள். நாற்பது பிள்ளைகளும் பாட்டுக்குள் போய்க் கரைந்துவிடுகிறார்களாம். ஆனால் சர்க்யூட் போட்டவள் இன்னும் ஒரு பாட்டுகூட இங்கே கேட்கவில்லை. சமைத்தவளை வாசலில் நிறுத்திவிட்டு நாங்கள் சாப்பிடுகிறோம்.

வா அக்கா. நீ சொன்னபடி ஒரு ஓம்தான் இருக்கும்.

உன் தம்பி

*

செப்டம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போல நான் பாட்டுக் கேட்டதில்லை. வாத்தியக் கம்பிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து என்னைச் சுற்றி நின்றன. வருடக்கணக்கில் பார்க்காத சொந்தக்காரர்கள் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தாற்போல. கண்ணை மூடியிருந்தேன். ஒரு ஓம்தான் சரி என்று உள்ளே ஒரு கர்வம். அதைச் சொல்லிக்காட்டத்தான் கண்ணைத் திறந்தேன். உன் வீட்டுக்காரி தலைமுடியை ஒதுக்கினாள். காதில் பஞ்சு. பஞ்சு எங்கே இருந்தாலும் என் கண்ணில் படும், அதில்தானே பிழைக்கிறேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி இருந்தாய். "நல்லா இருக்கா அக்கா?" என்றாய். "நல்லா இருக்கு" என்றேன். அது பொய் இல்லை.

மறுநாள் நீ பட்டறைக்குப் போனபின் பெட்டிக்குப் பின்னால் பார்த்தேன். ஒரு ஓமுக்கும் நாலு ஓமுக்கும் நடுவில் ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் பென்சிலால் "அக்கா". மறுபக்கம் "நாங்க". உன் கோழிக்கிறுக்கல். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபப்பட முயன்றேன், வரவில்லை.

அவளுக்கு அன்று விடுமுறை. கூப்பிட்டேன். "இன்னைக்குப் பஞ்சு வேண்டாம்மா" என்றேன். அகப்பட்ட திருடன் போல விழித்தாள். சுவிட்சை "நாங்க" பக்கம் தள்ளிவிட்டு அதே பாட்டைப் போட்டோம்.

எனக்குப் பாதிதான் வந்தது. முந்தின நாள் வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லாமல் போய்விட்டார்கள். ஆனால் அவள் முகம் இருக்கிறதே, இத்தனை மாதமாக நாம் என்ன கட்டினோம் என்பதை அதில்தான் பார்த்தேன். ஓரிடத்தில் என் கையைத் தொட்டாள். "இப்போ மூச்சு இழுக்கிறாங்க அண்ணி" என்றாள். எனக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடி தொட்டாள். அப்புறம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, தொடுவாள், எனக்குத் தெரியும். பாட்டு முடியும் வரை அப்படியே இருந்தோம். வெயில் கம்பளத்தில் நகர்ந்து எங்கள் காலடிக்கு வந்திருந்தது.

தம்பி, எனக்கு நாலு வருடமாகத் தெரியும். போனில் நீ எதையும் விழுங்குவதில்லை.

வியாழக்கிழமை டாக்டரைப் பார்த்தேன். போனது திரும்பாது, கருவி வைத்தால் பேச்சு தெளியும் என்றார். இயந்திரக் கூடத்திலிருந்து ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஃபோர்மேன் படித்துவிட்டு, "நீங்க இல்லாம எப்படி?" என்றார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

அந்தச் சுவிட்சைக் கழற்றிவிடு. நாலு ஓம்தான் சரி, கணக்கில் பிழை இல்லை. எனக்கென்று ஒரு பாட்டு, உங்களுக்கென்று ஒரு பாட்டு வேண்டாம். அடுத்த மாதம் நாலு நாள் வந்து தங்குகிறேன். எனக்குக் கேட்கிற வரை கேட்கிறேன். மீதியை அவள் சொல்லட்டும்.

அக்கா